இளம் வயதில் எலும்புப்புரை: திருகோணமலைப் பெண்களுக்கு ஒரு வழிகாட்டி

அப்போது எனக்கு 28 வயது. பாலையூற்றில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு திரும்பியபோது முதுகுக்குள் ஏதோ நொறுங்கியது போல் இருந்தது. சுளுக்கு என்றார்கள். எண்ணெய் தேய்த்தார்கள், பற்றுப் போட்டார்கள், வலிமாத்திரை எழுதித் தந்தார்கள். நான்கு மாதம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில்தான் முள்ளந்தண்டின் இடுப்புப் பகுதியில் முதலாவதான எல் 1 எலும்பு ஆப்பு வடிவில் நசுங்கிக் கிடப்பது தெரிந்தது. அதற்கு முன் மூன்று வருடமாக, உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் லூப்பஸ் நோய்க்காகப் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் மாத்திரை எடுத்துவந்தேன். அந்த மாத்திரையையும் இந்த முறிவையும் யாரும் இணைத்துப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

அதன் பிறகு கிளினிக், ஸ்கான், கொழும்புப் பயணம், பிழையாக வாசிக்கப்பட்ட அறிக்கை என்று ஒன்றரை வருடம் போனது. சரியான வரிசையில் போயிருந்தால் மூன்று நான்கு மாதத்தில் முடிந்திருக்கும். அந்த வரிசையைத்தான் கீழே தருகிறேன்.

தொடங்குமுன் ஒரு சொல் விளக்கம். எங்கள் ஊரில் 'எலும்புத் தேய்வு' என்று இரண்டு நோய்களைச் சொல்கிறார்கள். முழங்கால் மூட்டு தேய்ந்து வலிப்பது ஒன்று; எலும்பின் உள்ளே அடர்த்தி குறைந்து பஞ்சு போல் ஆவது இன்னொன்று. இரண்டாவதுதான் ஒஸ்டியோபோரோசிஸ், தமிழில் எலும்புப்புரை. முறியும் வரை அது வலிப்பதில்லை. வைத்தியரிடம் பேசும்போது எதைச் சொல்கிறீர்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

1. காரணம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

மாதவிடாய் நின்ற பின் வரும் எலும்புப்புரைக்கு வயதே போதிய காரணம். இருபதுகளிலும் முப்பதுகளிலும் வந்தால் பெரும்பாலும் அதன் பின்னால் வேறொன்று இருக்கும். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் மனதில் வைத்திருக்க முடியும் என்றால் இதை வைத்திருங்கள்: எலும்பு அடர்த்தி எண் எவ்வளவு குறைவு என்று கேட்பதற்கு முன், ஏன் குறைந்தது என்று கேளுங்கள்.

பிரெட்னிசொலோன் போன்ற ஸ்டீரொயிட் மாத்திரையை நாளொன்றுக்கு 2.5 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் மூன்று மாதத்துக்கு அதிகமாக எடுப்பவர்கள், கர்ப்பமோ பாலூட்டலோ இல்லாமல் மாதவிடாய் மூன்று மாதத்துக்கு மேல் நின்றவர்கள், 40 வயதுக்கு முன்பே சூலகம் செயலிழந்தவர்கள், மிகக் குறைந்த உடல் எடை உள்ளவர்கள், தைரொயிட் அதிகமாகச் சுரப்பவர்கள், தைரொக்சின் மாத்திரையைத் தேவைக்கு அதிகமாக எடுப்பவர்கள், வலிப்புக்காக நீண்டகாலம் பெனிற்றோயின், கார்பமசெபின் போன்றவற்றை எடுப்பவர்கள், வாதமூட்டழற்சியோ நீண்டகாலக் குடல் நோயோ உள்ளவர்கள் எல்லோரும் வைத்தியரிடம் எலும்பைப் பற்றிக் கேட்கவேண்டியவர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசியும் பயன்படுத்தும் காலத்தில் அடர்த்தியைக் குறைக்கும். நிறுத்திய பின் பெரும்பகுதி மீளும். அதை நீங்களாக நிறுத்தவேண்டாம். இரண்டு வருடத்துக்கு மேல் போடுகிறீர்கள் என்றால் கிளினிக்கில் பேசுங்கள்.

தாய்மார்களுக்குத் தனியாக ஒன்று. கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலோ பாலூட்டும் முதல் மாதங்களிலோ நிமிரவே முடியாத முதுகுவலி வந்தால், 'சிசேரியனுக்கு முதுகில் போட்ட ஊசியால்' என்று விட்டுவிடாதீர்கள். அரிதாக அந்தக் காலத்தில் முள்ளந்தண்டு எலும்பு முறிவதுண்டு. பாலூட்டும்போது எலும்பு அடர்த்தி சிறிது குறைவது இயல்பு, பால் மறந்த பின் அது திரும்பிவிடும். முறிவு இயல்பல்ல.

திருமணமாகாத பெண்களிடம் மாதவிடாய் பற்றி வைத்தியர்கள் பல நேரம் கேட்பதே இல்லை. அம்மா பக்கத்தில் இருந்தால் நாங்களும் சொல்வதில்லை. கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். கடைசி ஒரு வருடத்தில் எத்தனை முறை வந்தது என்று திகதியோடு எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது.

2. முதுகில் புதிய வலி வந்தால் கை வைக்க விடாதீர்கள்

நின்ற உயரத்திலிருந்து விழுந்து கை முறிவது, இருமியதாலோ பாரம் தூக்கியதாலோ முதுகு பிடித்துக்கொள்வது ஆகியவை இளம் வயதில் நடக்கக் கூடாதவை. முறிவு நெரிவு வைத்தியத்தின் மீது எங்கள் குடும்பத்துக்கு நம்பிக்கை அதிகம். அண்ணனின் மணிக்கட்டு அப்படித்தான் குணமானது. ஆனால் முள்ளந்தண்டு வேறு. எக்ஸ்ரே பார்க்காமல் முதுகை அழுத்தித் தேய்ப்பதும் 'நேராக்கி' விடுவதும் நசுங்கிய எலும்பை மேலும் நசுக்கலாம். என் முதுகை இரண்டு முறை அப்படி அழுத்தினார்கள். அந்த வலி இன்னும் நினைவிலிருக்கிறது.

பக்கவாட்டில் எடுத்த எக்ஸ்ரே வேண்டும் என்று கேளுங்கள். நசுங்கல் அதில்தான் நன்றாகத் தெரியும். காலில் மரமரப்போ பலவீனமோ இருந்தால், சிறுநீர் அடக்க முடியாமலோ போக முடியாமலோ இருந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்கவேண்டாம். 1990 இலவச அம்புலன்ஸை அழையுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ஸ்டீரொயிட்தான் காரணம் என்று தெரிந்தவுடன் அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். நீண்டகாலம் எடுத்தவர் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. படிப்படியாகக் குறைப்பது வைத்தியரின் வேலை.

3. ஒரு கோப்பு தொடங்குங்கள்

என் அலைச்சலில் பாதி, பேப்பர் இல்லாததால் வந்தது. ஒரு பிளாஸ்டிக் கோப்பு வாங்கி இவற்றை ஒன்றாக வையுங்கள்: தேசிய அடையாள அட்டையின் பிரதி, கிளினிக் கொப்பி, வைத்தியசாலையில் தங்கியிருந்தால் தந்த டயக்னோசிஸ் காட், எக்ஸ்ரே படங்கள், எல்லா இரத்தப் பரிசோதனை அறிக்கைகளும், எல்லா பில்களும். எக்ஸ்ரே கைத்தொலைபேசியில் மட்டும் தரப்பட்டால் அன்றே பிரதி எடுத்துவிடுங்கள்.

கோப்பின் முதல் பக்கத்தில் ஒரு தாள். அதில் எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை என்று எழுதுங்கள். என் பிரெட்னிசொலோன் கணக்கை மூன்று பழைய கொப்பிகளிலிருந்து திரட்ட ஒரு வாரம் பிடித்தது. அந்த ஒரு தாளைப் பார்த்த பிறகுதான் வைத்தியர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அரச உத்தியோகத்தராக இருந்தால் அக்ரஹார காப்புறுதிக்கு எந்தச் செலவைக் கோரலாம் என்று அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். பிரதி எடுக்காமல் மூலப் பில்லை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். வெயிலில் எழுத்து மங்கும் தாளில் தருகிறார்கள். பிரதி எடுத்து இணைத்து வையுங்கள்.

4. எந்தக் கதவைத் தட்டுவது

திருகோணமலை மாவட்ட பொது வைத்தியசாலை, கிண்ணியா, மூதூர், கந்தளாய் ஆதார வைத்தியசாலைகள் என எது அருகில் இருக்கிறதோ அதன் வெளிநோயாளர் பிரிவில் தொடங்குங்கள். எக்ஸ்ரேயும் மருந்துத் தாளும் கையில் இருக்கட்டும். "எனக்கு இந்த வயதில் எலும்பு முறிந்திருக்கிறது, காரணம் தெரியவேண்டும், பொது வைத்திய நிபுணரின் கிளினிக்குக்கு அனுப்புங்கள்" என்று கேளுங்கள். என்பு முறிவுப் பிரிவு முறிந்ததைப் பார்க்கும். ஏன் முறிந்தது என்று தேடுவது பொது வைத்திய நிபுணரும், அவர் அனுப்பும் ஹோர்மோன் நோய் நிபுணர் அல்லது வாதநோய் நிபுணரும்தான். மாதவிடாய்க் கோளாறு இருந்தால் பெண்ணோயியல் நிபுணரும் சேர்ந்துகொள்வார். அரச வைத்தியசாலையில் இவை இலவசம். கொடுக்கவேண்டிய விலை நேரம்தான். எனக்கு முதல் கிளினிக் திகதி ஐந்து வாரம் கழித்துக் கிடைத்தது.

பொறுக்க முடியாதவர்கள் தனியாரில் சனலிங் செய்து நிபுணரைப் பார்க்கிறார்கள். அதில் தவறில்லை. வெளியே வரும்போது ஒரு கடிதம் எழுதி வாங்குங்கள். அதை வைத்து அரச கிளினிக்கில் தொடரலாம். கடிதம் வாங்காமல் வந்தால் ஒவ்வொரு முறையும் பணம் கட்டவேண்டிவரும்.

5. இரத்தப் பரிசோதனை

ஸ்கான் அடர்த்தியைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. காரணத்தைத் தேடுவது இரத்தமும் சிறுநீரும். வழக்கமாகக் கேட்கப்படுபவை: முழு இரத்தக் கணக்கு, கல்சியம், பொஸ்பேட், அல்கலைன் பொஸ்பட்டேஸ், கிரியற்றினின், தைரொயிட், விற்றமின் டி, பாராதைரொயிட் ஹோர்மோன். மாதவிடாய் ஒழுங்கில்லை என்றால் சூலக ஹோர்மோன்களும் புரொலக்ரினும்.

முதல் ஐந்தையும் முதலில் அரச வைத்தியசாலையிலேயே கேட்டுப் பாருங்கள். விற்றமின் டியும் பாராதைரொயிட்டும் வெளியே செய்தால் பையைக் கரைக்கும். என் செலவுக் கணக்கில் ஸ்கானைவிட இரத்தத்துக்குக் கொடுத்ததே அதிகம். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யாமல், எது முதலில், எது அதன் முடிவைப் பார்த்த பிறகு என்று வைத்தியரிடம் பிரித்துக் கேளுங்கள்.

விற்றமின் டி அறிக்கையில் அலகைப் பாருங்கள். ஒரு ஆய்வுகூடம் நனோகிராமில் தரும், இன்னொன்று நனோமோலில் தரும். மில்லிலீற்றருக்கு 20 நனோகிராமும் லீற்றருக்கு 50 நனோமோலும் ஒரே அளவு. இது தெரியாமல் 45 நனோமோலைக் கண்டு 'எனக்கு நிறைய இருக்கிறது' என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். உண்மையில் அது குறைவு.

6. டெக்சா ஸ்கான்: பதிவும் பயணமும்

எலும்பு அடர்த்தியைச் சரியாக அளப்பது டெக்சா ஸ்கான். இடுப்புப் பகுதி முள்ளந்தண்டையும் தொடை எலும்பின் மேற்பகுதியையும் அளப்பார்கள். படுத்திருக்கும் நேரம் கால் மணித்தியாலம்தான். ஊசி இல்லை, வலி இல்லை, கதிர்வீச்சும் மிகக் குறைவு. இலவச முகாம்களில் குதிக்காலை ஒரு பெட்டிக்குள் வைத்துப் பார்ப்பது வேறு பரிசோதனை. அதை நம்பி மருந்து தொடங்கவும் கூடாது, நிம்மதியாக இருந்துவிடவும் கூடாது.

எனக்கு ஸ்கான் கிடைத்தது கொழும்பில், ஏறத்தாழ 260 கிலோமீற்றர் தொலைவில். நீங்கள் கிளம்புமுன் உங்கள் கிளினிக்கிலேயே எங்கே அனுப்பமுடியும் என்று கேளுங்கள். தனியாரில் செய்வதானால் தொலைபேசியில் நான்கு கேள்வி: மொத்தக் கட்டணம் எவ்வளவு, அதில் அறிக்கைக் கட்டணமும் அடங்குமா, வைத்தியரின் கடிதம் தேவையா, அறிக்கை அன்றே கிடைக்குமா. 2022க்குப் பிறகு விலைகள் அடிக்கடி மாறுவதால் சென்ற வருடம் போனவர் சொன்ன தொகையை நம்பிப் போகாதீர்கள். அறிக்கை மறுநாள்தான் என்றால் ஒரு இரவுத் தங்கலும் செலவில் சேரும். கூட வருபவரின் பயணமும் சாப்பாடும் சேரும்.

முதுகு முறிந்தவர்களுக்கு பஸ்ஸைவிட ரயில் நல்லது. எழுந்து நடக்கலாம், குலுக்கலும் குறைவு. நான் இரவு ரயிலில் போனேன், முதுகுக்கு ஒரு சிறு தலையணையோடு.

ஸ்கானுக்கு முந்திய 24 மணித்தியாலம் கல்சியம் மாத்திரை எடுக்காதீர்கள். பேரியம் குடித்தோ சாயம் ஏற்றியோ வேறு ஸ்கான் செய்திருந்தால் பதிவு செய்யும்போதே சொல்லுங்கள். கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். ஊசி, கொளுக்கி, சிப் இல்லாத தளர்வான உடை போதும்.

7. அறிக்கையை நீங்களும் வாசியுங்கள்

என் எட்டு மாதம் வீணானது இந்த இடத்தில்தான். 'முள்ளந்தண்டு சாதாரண அளவு' என்று அறிக்கை வந்தது. எல்லோருக்கும் ஆறுதல். பிறகு ஒரு நிபுணர் படத்தை எடுத்துப் பார்த்து, நசுங்கிய எல் 1 எலும்பையும் சேர்த்துச் சராசரி எடுத்திருக்கிறார்கள் என்றார். நசுங்கிய எலும்பு சிறிய இடத்துக்குள் அமுங்கியிருப்பதால் கருவிக்கு அடர்த்தியாகத் தெரியும். அதை நீக்கிக் கணக்கிட்டபோது எண் தலைகீழாகிவிட்டது. ஆகவே முறிவு உள்ளவர்கள் எக்ஸ்ரேயைக் கையோடு கொண்டுபோய், எந்த எலும்பு முறிந்தது என்று ஸ்கான் எடுப்பவரிடம் காட்டுங்கள். அறிக்கைத் தாளோடு படத்தாளையும் வாங்குங்கள்.

அடுத்தது ரி ஸ்கோர், இசட் ஸ்கோர். ரி ஸ்கோர் உங்களை ஆரோக்கியமான இளம் பெண்ணோடு ஒப்பிடுகிறது. அது -2.5 அல்லது அதற்குக் கீழ் போனால் எலும்புப்புரை என்ற விதி மாதவிடாய் நின்ற பெண்களுக்கானது. மாதவிடாய் நிற்காத நாங்கள் பார்க்கவேண்டியது, சொந்த வயதினரோடு ஒப்பிடும் இசட் ஸ்கோர். அது -2.0 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் 'வயதுக்கு எதிர்பார்க்கும் அளவைவிடக் குறைவு' என்று பொருள். அந்த எண் மட்டும் நோயல்ல. முறிவோ, எலும்பை அரிக்கும் காரணமோ சேர்ந்தால்தான் இளம் வயதில் அதை எலும்புப்புரை என்பார்கள். உருவத்தில் சிறிய பெண்களுக்குக் கருவி இயல்பாகவே சற்றுக் குறைத்துக் காட்டும்.

என் ஒன்றுவிட்ட தங்கைக்கு 24 வயது. என்னைப் பார்த்துப் பயந்து ஸ்கான் எடுத்தாள். இசட் ஸ்கோர் -2.1. முறிவு எதுவும் இல்லை. ஆனால் தாளில் எலும்புப்புரை என்று அச்சிட்டிருந்தது, அதைப் பார்த்து வாரமொரு மாத்திரையும் எழுதப்பட்டது. எட்டு மாதம் விழுங்கினாள். பிறகு பார்த்தால் தைரொயிட் அதிகமாகச் சுரந்துகொண்டிருந்தது. மருந்து தேவைப்பட்டது அதற்குத்தான்.

8. மருந்தில் அவசரம் வேண்டாம்

காரணத்துக்கான சிகிச்சை முதலில் வரும்: தைரொயிட்டைக் கட்டுப்படுத்துவது, ஸ்டீரொயிட்டை முடிந்தவரை குறைப்பது, எடையை ஏற்றுவது, முன்கூட்டியே சூலகம் நின்றவர்களுக்கு இயற்கையாக மாதவிடாய் நிற்கும் வயதுவரை ஹோர்மோன் கொடுப்பது. பலருக்கு இதுவே போதும்.

எலும்பு கரைவதைத் தடுக்கும் அலென்ட்ரோனேட் போன்ற மருந்துகள் நிறுத்திய பிறகும் வருடக்கணக்கில் எலும்புக்குள் தங்கும். பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால் நிபுணரிடம் அதை முதலிலேயே சொல்லவேண்டும். கலியாணம் பேசும் நேரத்தில் இந்தக் கோப்பை ஒளித்துவைக்கச் சொன்னார் என் அம்மா. அவர் பயம் எனக்குப் புரிந்தது. ஆனால் எப்போது கர்ப்பமாகலாம் என்பதை மருந்தோடு சேர்த்துத் திட்டமிடவேண்டும். வருங்காலத் துணைக்கு மறைத்தால் அந்தத் திட்டம் நடக்காது. நான் சொன்னேன். அவர் அடுத்த கிளினிக்குக்கு என்னோடு வந்தார்.

அலென்ட்ரோனேட் தந்தால் வாரத்தில் ஒரு நாள், விடியற்காலை வெறும் வயிற்றில், ஒரு முழுக் குவளை வெறும் தண்ணீரோடு. தேநீரோடு வேண்டாம். அரை மணித்தியாலம் படுக்கவும் சாப்பிடவும் கூடாது. மீறினால் உணவுக்குழாய் புண்ணாகலாம். தொடங்குமுன் பல் வைத்தியரிடம் ஒருமுறை போய், பிடுங்கவேண்டிய பல் இருந்தால் பிடுங்கிவிடுங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியைப் பற்றித் தனியாகக் கவனம் வேண்டும். அதைத் தவறவிட்டாலோ மாற்று மருந்து இல்லாமல் நிறுத்தினாலோ முள்ளந்தண்டு எலும்புகள் ஒன்றுக்கு மேற்பட்டு முறியலாம். கர்ப்பத்தில் போடவே கூடாது. இரண்டு முதல் எட்டு பாகை குளிரில் வைக்கவேண்டிய மருந்து அது. கொழும்பில் வாங்கி எங்கள் வெயிலில் கொண்டுவருபவர்கள் ஐஸ் பெட்டியில் கொண்டுவாருங்கள். அடுத்த ஊசிக்குப் பணமும் பயணமும் உறுதியா என்று யோசிக்காமல் முதல் ஊசியைப் போடாதீர்கள்.

9. கல்சியமும் வெயிலும்

19 முதல் 50 வயதுவரை நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் கல்சியம் வேண்டும். 9 முதல் 18 வரை 1300. வளரும் தங்கைகளும் மகள்களும் இருந்தால் அவர்களின் தட்டைக் கவனியுங்கள். எலும்பின் பெரும்பகுதி இருபது வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது.

200 மில்லிலீற்றர் பாலில் ஏறத்தாழ 240 மில்லிகிராம் உண்டு. ஒரு கரண்டி பால்மா போட்ட தேநீரை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். கிண்ணியா எருமைத் தயிர், முள்ளோடு மென்று தின்னக்கூடிய நெத்தலியும் சூடையும், குரக்கன் பிட்டு, தோல் நீக்காத எள்ளில் பிடித்த எள்ளுருண்டை, முருங்கையிலை வறை எல்லாம் எங்கள் சமையலறையில் இருப்பவைதான். கருவாட்டில் உப்பு அதிகம், ஆகவே பச்சை நெத்தலியே மேல்.

மாத்திரை வாங்கும்போது பெட்டியின் பெரிய எண்ணைப் பார்த்து ஏமாறவேண்டாம். 1250 மில்லிகிராம் கல்சியம் காபனேற்றில் உண்மையான கல்சியம் 500. 300 மில்லிகிராம் கல்சியம் லக்டேட்டில் 40 கூட இல்லை. காபனேற்றைச் சாப்பாட்டோடு எடுங்கள், ஒரு வேளைக்கு 500க்கு மேல் வேண்டாம். இரும்பு மாத்திரையோடு சேர்க்காதீர்கள். தைரொக்சினிலிருந்து நான்கு மணித்தியாலம் தள்ளி வையுங்கள்.

வெயில் நகரத்தில் இருந்துகொண்டு விற்றமின் டி குறைவதை நான் முதலில் நம்பவில்லை. ஆனால் எங்கள் கறுத்த தோலுக்கு அதிக வெயில் தேவை. நாங்களோ குடை, முழுக்கை, அபாயா, அலுவலகம் என்று மறைந்திருக்கிறோம். காலை ஆறரை மணி வெயில் இதற்கு உதவாது. நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்தில் கையும் காலும் சிறிது நேரம் படவேண்டும். லூப்பஸ் உள்ளவர்கள் இதைச் செய்யக் கூடாது, வெயில் நோயைக் கிளப்பும், எங்களுக்கு மாத்திரைதான். 50,000 அலகு மாத்திரையை வாரம் ஒன்று என்று எழுதித் தருவதுண்டு. அதை நாளுக்கு ஒன்று என்று விழுங்கினால் நஞ்சாகும்.

10. உடலை அசைக்கும் விதம்

முறிவு இல்லாதவர்கள் குதிக்கவேண்டும், ஏறவேண்டும், பாரம் தூக்கவேண்டும். கயிறடித்தல், படி ஏறுதல், வலைப்பந்து எல்லாம் நல்லவை. நிலாவெளியில் நீந்துவது இதயத்துக்கு நல்லது. எலும்புக்கு அதில் பாரம் இல்லை.

முதுகு முறிந்தவர்கள் முதலில் வைத்தியசாலையின் இயன்மருத்துவரைப் பாருங்கள். இடுப்பிலிருந்து குனிந்து முதுகை வளைப்பதுதான் எங்களுக்கு எதிரி. குட்டை விளக்குமாற்றால் முற்றம் கூட்டுவது, தரைத் திருவலையில் தேங்காய் திருவுவது, கிணற்றடியில் குனிந்து உடுப்புத் தோய்ப்பது மூன்றையும் மாற்றினேன். நீளப் பிடி போட்ட விளக்குமாறு, மேசையில் பூட்டும் திருவலை, இடுப்புயரத்தில் ஒரு கல். வாளியில் பாதித் தண்ணீர் மட்டும். டச்சுக் குடாக் கடற்கரையில் இறுகிய ஈர மணலில் மாலையில் நடந்தேன், முதல் மாதம் பத்து நிமிடம்.

11. மறுபரிசோதனைத் திகதி

ஒரு வருடம் ஆகுமுன் ஸ்கானைத் திருப்பி எடுப்பதில் பெரும்பாலும் பயனில்லை. மாற்றம் அவ்வளவு மெதுவானது. எடுக்கும்போது முன்பு எடுத்த அதே கருவியிலேயே எடுங்கள். வேறு கருவியின் எண்ணை ஒப்பிட முடியாது. பழைய தாளில் கருவியின் பெயர் அச்சிடப்பட்டிருக்கும்; பதிவு செய்யும்போது அதை வாசித்துக் காட்டி, இப்போதும் அதுதான் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பயணச்சீட்டு எடுங்கள்.